காத்து நின்ற இடையிசை

குவைத்தில் நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து இறங்கியபோது சொந்தக்காரர்கள் முதலில் என் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு கையை. ரெண்டிலும் புதிதாக ஒன்றும் மின்னவில்லை என்றதும்தான் காரின் மேலே கட்டியிருந்த நீளப் பெட்டியைப் பார்த்தார்கள்.

“இது என்னது பிள்ளே, டிவியா?” என்று ஒரு சித்தி கேட்டாள்.

“கீபோர்டு சித்தி. வாசிக்கது.”

“எல்லாவளும் தங்கம் கொண்டு வாறா. நீ பாட்டுப்பெட்டி கொண்டு வந்திருக்கியே மக்கா!”

“தங்கத்தை வாசிக்க முடியாதுல்லா” என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை என் வீட்டுக்காரர் பிடித்தார். ஒன்றும் சொல்லமாட்டார் என்று தெரிந்துதான் வாங்கினேன்.

வெறும் கீபோர்டு என்று நான் சொன்னது சித்திக்காக. அதற்குப் பெயர் ஒர்க்ஸ்டேஷன். நாம் வாசிப்பதைத் தன் வயிற்றுக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். வயலின் வேண்டுமா, புல்லாங்குழல் வேண்டுமா, டிரம் வேண்டுமா, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு சங்கதி. ஒரு பாட்டை முழுசாக வாசித்துப் பதிய வேண்டியதில்லை. முன்னிசை ஒரு துண்டு, பல்லவி ஒரு துண்டு, சரணம் ஒரு துண்டு, இடையிசை ஒரு துண்டு, முடிவு ஒரு துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து ஒரு எழுத்தைப் பெயராக வைத்துவிட்டு, பிறகு எது முதலில், எது அடுத்தது, எது எத்தனை தடவை என்று திரையில் வரிசை போட வேண்டும். பொத்தானை அமுக்கினால் அந்த வரிசையில் பாட்டு தானே ஓடும். நான் மேலே வலது கையால் மெட்டை வாசித்துக்கொண்டு கொயரை, அதாவது எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவை, கண்ணால் மேய்க்கலாம்.

இந்த வரிசை போடுகிற வேலை எனக்குப் புதிது இல்லை. குவைத்தில் எங்கள் வார்டுக்கு டூட்டி ரோஸ்டர் போட்டதே நான்தான். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற ரெண்டு பேரை ஒரே ஷிப்டில் போடக்கூடாது. சத்தக்காரிக்குப் பின்னால் ஒரு அமைதிக்காரியைப் போடவேண்டும், இல்லாவிட்டால் நோயாளிக்குத் தூக்கம் கிடையாது. பாட்டுத் துண்டுகளும் அப்படித்தான். ஆனால் நர்ஸுகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். துண்டுகள் வராது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மானத்தை வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவுத் துண்டை ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் போட்டுவிட்டேன். கொயர் மூச்சை இழுத்துக்கொண்டு சரணத்துக்கு வாயைத் திறக்கிறது, மெஷின் ஜாங்கென்று பாட்டை முடித்துவிட்டது. திறந்த வாயோடு எல்லாரும் நின்றார்கள். ஆண்கள் வரிசையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள், அவன்தான் தப்புப் பண்ணினான் என்று. நான் கீழே குனிந்து ஒயரைத் தேடுவதுபோல் பாவனை பண்ணி, சிரித்துத் தீர்த்துவிட்டு எழுந்தேன்.

எங்கள் சர்ச் புதுக்கடையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. சின்ன சபை, பெரிய வாய். மெஷின் வந்த பிறகு போதகர் ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தார். காணிக்கை எடுக்கும்போது பாட்டு வேண்டாம், கீபோர்டு மட்டும் மெல்லமாக ஓடட்டும், ஆட்கள் அமைதியாகக் கொடுக்கட்டும் என்றார். அதிலிருந்து எங்கள் சபைக்கு ஒரு காது வந்துவிட்டது. பாட்டுச் சத்தம் இல்லாமல் கீபோர்டு மட்டும் கேட்டால் போதும், பெண்கள் பக்கம் மணிபர்ஸின் ஜிப்புகள் திறக்கிற சத்தம் கேட்கும். ஆண்கள் சட்டைப் பைக்குள் கையை விடுவார்கள். பின்வரிசையிலிருந்து சிவப்பு வெல்வெட் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நடந்து வருவார்.

அந்த ஆள் எனக்கு அண்ணன் முறை. என் வீட்டுக்காரருடைய தங்கச்சியைக் கட்டியவர். நல்ல மனுஷன், ஆனால் பாட்டும் ஆடி மாசத்து மழைச் சத்தமும் அவருக்கு ஒன்றுதான். அவருக்குத் தெரிந்ததெல்லாம், கீபோர்டு தனியாகக் கேட்டால் எழுந்து பையை எடுக்கவேண்டும் என்பது. அதில் ஒருநாளும் தவறியதில்லை.

இப்படிப்பட்டவருக்குப் போய் அப்படி ஒரு பெண்டாட்டி. என் நாத்தனார் பாடினாள் என்றால் ரோட்டில் போகிறவன் வண்டியை ஓரம் கட்டுவான். குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் காலையில் அவள் பிரார்த்தனைப் பாட்டு எடுத்தால் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திக் கேட்பார்களாம். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அடக்கம் என்பது அவளுக்குக் கொஞ்சம் கம்மி. எனக்கு அது பிடிக்கும்.

அவளுக்குத்தான் தைராய்டு ஆபரேஷன் ஆனது. பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் போய்விட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முன்னைவிடக் கட்டையாக, கொஞ்சம் கரகரப்பாக. நரம்பு சுணங்கியிருக்கிறது, பாட்டும் வரும், ஆனால் மேலே போவது முன்னைப்போல் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் முதல் பாதியைக் கேட்கவே இல்லை, கடைசிப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கொயர் பக்கமே வரவில்லை. பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். நான் கீபோர்டிலிருந்து பார்ப்பேன். சபையே பாடும்போது அவள் வாய் மட்டும் அசையும். சத்தம் வராது. வராமல் பார்த்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு வயிறு எரிந்தால் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஆராதனை முடிந்து சர்ச் கேட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, உனக்க வாய்க்குள்ள என்ன, கடலைமிட்டாயா? அசைச்சிட்டே இருக்கியே!”

“மெதுவாப் பேசுங்க மைனி. ஆளுகளுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அவியளும் அதைத்தான் நெனைக்காவ, நான் பறையுகேன், அம்புட்டுதான்.”

அவள் என் கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “எனக்க சத்தத்தை நீங்க கேக்கல்ல. நான் கேட்டேன். கதவை அடைச்சிட்டுத் தனியாப் பாடிப் பாத்தேன். வேற ஆரோ பாடுகது மாதிரி இருக்கு மைனி. எனக்கே ஆருன்னு தெரியல்ல.”

அவள் கண் நிறைந்துவிட்டது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீடு வரைக்கும் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர் பாவம், அவர் என்ன செய்வார்.

அறுப்பின் பண்டிகை நெருங்கியது. எங்கள் பக்கத்தில் பண்டிகையன்று விளைந்ததையெல்லாம் சர்ச்சுக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, தேங்காய், ஒரு வீட்டிலிருந்து கோழிகூட வரும். அன்றைக்குக் கொயர் ஒரு புதுப் பாட்டுப் பாடவேண்டும், அது கட்டாயம். வரிகளைக் கொயரில் ஒருவர் எழுதிக் கொடுத்தார், மெட்டுப் போட்டது நான். முதல் சரணம் உழவு, ரெண்டாவது விதைப்பு. மூன்றாவது, விதைத்துவிட்டு மழைக்குக் காத்து நிற்கிறவன் பாடுவது. அது ஒற்றைக் குரலுக்கு. மெட்டுப் போடும்போதே என் காதுக்குள் பாடியது யார் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து துண்டுகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தாள். பழத்தைக் கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “மைனி, அந்த இடையிசை தப்பான எடத்துல கெடக்கு” என்றாள்.

“எங்க தப்பு? நல்லாத்தானே இருக்கு.”

“விதைப்புச் சரணம் முடிஞ்ச உடனே இவ்வளவு டிரம் எதுக்கு? அவன் வெதைச்சிட்டுக் களைச்சுப்போய் நிக்கான். நீங்க கல்யாண ஊர்வலம் கொண்டு போறீங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டாள். பிறகு நான் பொத்தானை அமுக்குகிற ஆள், அவ்வளவுதான். பல்லவியை முதல் சரணத்துக்குப் பின்னால் ஒரு தடவை மட்டும் வைங்க என்றாள். வைத்தேன். பெரிய இடையிசையைத் தூக்கி முன்னால் போடுங்க என்றாள். போட்டேன். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் புதிதாக ஒரு துண்டு வேண்டும், டிரம் கூடாது, வயலின் கூடாது, கீபோர்டின் சாதாரணச் சத்தம் மட்டும், சின்னதாக, என்றாள். எப்படி என்று நான் கேட்டேன்.

“இப்படி” என்று முனகிக் காட்டினாள்.

வாய் மூடியபடிதான் முனகினாள். ஆனால் அது பாட்டு. சுருதி ஒரு மயிரிழை விலகவில்லை. தான் முனகுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நான் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த ஒரே இடம் அதுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

அந்தத் துண்டைப் பதிந்து, வரிசையில் போட்டு, முழுப் பாட்டையும் ஓட விட்டோம். அடடா, என்னமாய் உட்கார்ந்தது! அவள் தொடையில் தட்டிக்கொண்டாள். “இதுதான் மைனி. இப்ப இது பாட்டு.” பிறகு கேட்டாள், “சுருதி ஏன் இவ்வளவு கீழ இருக்கு? இந்தச் சரணம் ஆரு பாடுகா?”

“நீதான்.”

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

“இரு, ஏட்டி. உனக்க இப்பத்தய தொண்டைக்குத்தான் கீழ வச்சிருக்கேன். மேல போற எடம் ஒண்ணுகூட இல்ல.”

“அது இல்ல மைனி. உங்களுக்குத் தெரியாது.” திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அழவில்லை, கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் மாதிரி நிதானமாகச் சொன்னாள். “சத்தம் இல்லாம இல்ல. இருக்கு. ஆனா கூப்பிட்ட ஒடனே வரல்ல. எச்சில் முழுங்கி, மூச்சை இழுத்து, கொஞ்சம் நின்னாத்தான் வருகு. எப்ப வரும்னு எனக்கே தெரியாது. ஆளுக வாசிச்சா எனக்காக நிப்பாவ. இது மெஷின். சரணம் வந்துட்டுன்னா அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். அம்புட்டு சபைக்கு முன்னால நான் வாயைத் திறந்துட்டு நிக்கணுமா?”

எனக்கு அப்போதுதான் விஷயமே விளங்கியது. ஒரு வருஷமாக நான் அவளுக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பயந்தது குரலுக்கு மட்டும் இல்லை, நேரத்துக்கும்.

“நிக்குமான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் புகுந்தேன். வரிசையில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் எத்தனை தடவை என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஒன்று, ரெண்டு என்று எண்ணைத்தான் அதுவரை போட்டிருக்கிறேன். எண்ணைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் வேறு ஒன்று வந்தது. அதை வைத்தால் அந்தத் துண்டு தானாக முடியாது, காலால் சுவிட்சை மிதிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்தால், ஓடிக்கொண்டிருக்கிற சுற்று முடிந்ததும் அடுத்த துண்டுக்குப் போகும்.

அவள் முனகிக் கொடுத்த இடையிசைக்கு அதை வைத்தேன். ஓட விட்டேன்.

“இது நிக்கும்ட்டீ” என்றேன்.

அவள் நம்பவில்லை. சோதிக்கிறேன் என்று ஒரு மட்டிப்பழத்தை உரித்துத் தின்றாள். இடையிசை சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று தின்றாள். எழுந்து அடுக்களைக்குப் போய்த் தேயிலை போட்டாள். எனக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்து தந்தாள். தானும் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். அது சலிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “இந்தப் பாட்டு இன்னும் முடியல்லியா?” என்றார். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தேயிலை சிந்திவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். “சரி மைனி. ஒரு தடவை. நான் தலையை ஆட்டினதுக்குப் பொறவுதான் மிதிக்கணும். ஆனா ஒண்ணு. அன்னைக்கு வரல்லன்னா இனி ஒருநாளும் என்னைப் பாடக் கூப்பிடக் கூடாது. கேட்டுலயும் வைச்சுப் பிடிக்கக் கூடாது. சம்மதமா?”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சொன்னதுதான், அந்தக் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, அதிலேதானே வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். ரெண்டு நிமிஷம் யோசித்து, சம்மதம் என்றேன்.

ஒத்திகைக்கு வந்தாள். கொயரில் எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். இடையிசை எவ்வளவு நேரம் சுற்றினாலும் யாரும் என்னை முறைக்கக் கூடாது, அவளையும் பார்க்கக் கூடாது, கூரையைப் பாருங்கள் என்றேன். சில நாள் முதல் சுற்றிலேயே தலையை ஆட்டினாள். சில நாள் சுற்றிச் சுற்றி, அவள் கண்ணை மூடி நின்று, பிறகுதான் வந்தது. ஒருநாள் வரவே இல்லை, நான் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினேன், ஒத்திகையை அதோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பண்டிகையன்று காலையில் சர்ச்சில் எள் போட இடமில்லை. தூணுக்குத் தூண் வாழைக்குலை கட்டியிருந்தார்கள். ஆல்டருக்கு முன்னால் மரச்சீனி மலைபோல் குவிந்து கிடந்தது. கட்டிப்போட்ட சேவல் ஒன்று பிரசங்கத்துக்கு நடுவில் கூவி, போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பண்டிகையன்று காணிக்கையும் ஒன்று இல்லை. சாதாரணக் காணிக்கை, பண்டிகைக் காணிக்கை, கட்டடக் காணிக்கை என்று பை வந்துகொண்டே இருக்கும். எத்தனையாவது பை என்று சபையில் யாருக்கும் கணக்குக் கிடையாது. பை வந்தால் போடவேண்டும்.

என் நாத்தனார் கொயர் வரிசையின் முனையில், எனக்குப் பக்கத்து மைக்கில் நின்றாள். நாங்கள் சபையைப் பார்த்து நிற்போம். அவள் கை சில்லென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், நர்ஸ் கை சும்மா இருக்காது.

பொத்தானை அமுக்கினேன். முன்னிசை ஓடியது. பல்லவியில் கொயர் எடுத்த எடுப்பிலேயே சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. உழவு போனது, விதைப்பு போனது, எல்லாம் வரிசைப்படி. பிறகு அவள் முனகிக் கொடுத்த அந்தச் சின்ன இடையிசை வந்தது. கீபோர்டு மட்டும், மெல்லமாக.

ஒரு சுற்று முடிந்தது. அவள் கையைத் தொண்டையில் வைத்தாள். எச்சில் முழுங்கினாள். அடுத்த சுற்று. தலை ஆடவில்லை. கொயர் மொத்தமும் சொல்லி வைத்தபடி கூரையைப் பார்த்தது. அடுத்த சுற்றும் வந்தது. எனக்கு வெப்ராளம், பதைபதைப்புத் தாங்கவில்லை. கால் சுவிட்சுக்கு மேலேயே நிற்கிறது. ஆண்டவரே, இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. இப்போது வராவிட்டால் இனி எப்போதும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து, சர்ர் சர்ர் என்று. மணிபர்ஸ் ஜிப்பு.

ஐயோ, கொயருக்கெல்லாம் சொன்னோமே, சபைக்குச் சொல்லவில்லையே! நிமிர்ந்து பார்க்கிறேன், ஆண்கள் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதகரும் அங்கிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். பின்வரிசையில் எங்கள் அண்ணன் எழுந்துவிட்டார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வெல்வெட் பையை எடுத்து, அவருக்கே உரிய அந்தக் கனத்த நடையில் புறப்பட்டார். பெஞ்சு பெஞ்சாக நீட்டுகிறார். ஆட்கள் போடுகிறார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை.

கொயரில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இடையிசை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, நல்ல காணிக்கை இசை, ஒரு குறை சொல்ல முடியாது.

பை கடைசியாகக் கொயருக்குத்தான் வரும். அண்ணன் நேராக வந்து வரிசையின் முனையில், தன் பெண்டாட்டிக்கு முன்னால் நின்று, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பையை நீட்டினார். அவள் குனிந்து பையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் போடு என்பதுபோல் பையை லேசாக ஆட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. மைக்கில் விழுந்து, ஒலிபெருக்கி வழியாக ரோடு வரைக்கும் போகிற சிரிப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டது, அதற்குப் பிறகு நாங்கள் யாரும் கேட்காதது. அடிவயிற்றிலிருந்து கலகலவென்று வந்தது.

தலை ஆட்டவில்லை அவள். தலை ஆட்டாமல் மிதிக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. மிதித்து, அவளுக்கு வராமல் போனால் சரணம் வெறுமையாக ஓடும், அதோடு எல்லாம் முடிந்தது. ஆனால் எத்தனை தொண்டையை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிரிப்பு வருகிற தொண்டை திறந்துதான் இருக்கவேண்டும். வருவது வரட்டும் என்று ஓங்கி மிதித்தேன்.

அவளுக்குக் கேட்டது. சுவிட்சு ‘டக்’ என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அடிப்பாவி என்பதுபோல. சுற்று முடிய ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்க, மூச்சை இழுத்தாள். சரணம் தொடங்கிய இடத்தில், அச்சு அசலாக அந்த இடத்தில், பாடத் தொடங்கினாள்.

அது பழைய குரல் இல்லை. கீழே, கனமாக, கொஞ்சம் கரகரப்போடு, மழைக்குக் காத்து நிற்கிறவன் பாடினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பழைய குரலில் இந்தச் சரணத்தைக் கேட்டிருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். இதைக் கேட்டு எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. ஜிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் நீட்டிய பையை நீட்டியபடியே நின்றார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. பாட்டு தெரியாத அந்த மனுஷனுடைய கன்னத்தில் கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் முடித்ததும் கொயர் பல்லவியைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு பல்லவியை எங்கள் கொயர் அதற்கு முன்னால் பாடியதில்லை. பிறகு முடிவுத் துண்டு. மெஷின் கடைசிச் சத்தத்தை நீட்டி நிறுத்தியது. திரையில் வரிசை முடிந்து விளக்கு அணைந்தது. போதகர் ஜெபம் சொல்ல எழுந்தார்.

அவள் நிறுத்தவில்லை. யாரையும் கேட்காமல், என்னையும் பார்க்காமல், மூன்றாம் சரணத்தின் முதல் வரியைத் திரும்ப எடுத்தாள். மெஷினில் அதற்கு ஒன்றும் இல்லை. நான் பதறிப்போய் ரெண்டு கையையும் கீபோர்டில் வைத்து, எனக்குத் தெரிந்தபடி வாசித்து அவள் பின்னால் ஓடினேன். கொயரில் ஒவ்வொருத்தராக மெல்ல முனகி அவளுக்கு அடியில் சேர்ந்தார்கள். போதகர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவள் ஒவ்வொரு சொல்லையும் அவசரமில்லாமல், ருசித்து ருசித்துப் பாடினாள். கடைசிச் சொல்லை எவ்வளவு நேரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் விட்டாள்.

சேவல்கூடக் கூவவில்லை. அவள் மேலுதட்டு வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மைக் திறந்திருப்பதை மறந்து என் பக்கமாகக் குனிந்து கேட்டாள்.

“மைனி, அடுத்த பாட்டு என்னது?”